வாசகர் கேள்வி பதில்: ஜில்லா போர்டு எங்க போச்சு?

போன இதழ்ல வடஆற்காடு ஜில்லா போர்டு பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கடுதாசியும் வாட்ஸ்அப்பும் வரும்னு எதிர்பார்க்கல. அதனால இந்த தடவை முழுக்க அதே விஷயம்தான். ஜில்லா போர்டுன்னா வெள்ளக்காரன் காலத்துல இருந்து 1961 வரைக்கும் ஜில்லா கிராமப்புறத்து ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிய எல்லாம் பாத்துக்கிட்ட உள்ளாட்சி சபை; வடஆற்காடுங்கறது இப்போ வேலூரு, ராணிப்பேட்டை, திருப்பத்தூரு, திருவண்ணாமலைன்னு பிரிஞ்சு கெடக்குற நம்ம பழைய ஜில்லா. பேரு போட வேணாம்னு நெறைய பேரு கேட்டுக்கிட்டதால ஊர் பேர மட்டும் போட்டிருக்கேன்.

அணைக்கட்டு வாசகர்: ஐயா, எங்க தாத்தா டிரங்கு பொட்டியில பழைய கிஸ்து ரசீது கட்டு கட்டா இருக்கு. அதுல நிலவரிக்கு பக்கத்துல எல்.சி., எல்.சி.எஸ்.னு தனித்தனியா தொகை போட்டிருக்காங்க. அது என்ன? அதுக்கும் ஜில்லா போர்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

சம்பந்தம் இருக்காவா? அதுதான் மொத்த கதையே. அந்த ரசீத பத்திரமா வைங்க, லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க, நல்லா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

எல்.சி.ன்னா லோக்கல் செஸ், தலவரின்னும் சொல்வாங்க. எல்.சி.எஸ். அதுக்கு மேல போடுற கூடுதல் தலவரி. இதோட ஆரம்பம் 1871ல வந்த மெட்ராஸ் லோக்கல் பண்டு சட்டம். வெள்ளக்காரன் சர்க்கார் என்ன பண்ணுச்சுன்னா ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இதுக்கெல்லாம் கஜானாவுல இருந்து எடுக்க முடியாது, அந்தந்த ஜில்லாக்காரங்களே கட்டணும்னு சொல்லி நிலவரி கட்டுற குடியானவன்கிட்டயே ரூபாய்க்கு ஒரு அணா கணக்குல தனியா வாங்க ஆரம்பிச்சுது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, அப்போ நெலத்துக்கு 16 ரூபா தீர்வை கட்டுறவரு கூட ஒரு ரூபா செஸ் கட்டணும். கர்ணம் கணக்கு போட, கிராம முன்சீப் வசூல் பண்ண, அந்த காசு லோக்கல் பண்டுல சேந்துது. நம்ம ஊர்ப் பக்கம் பெரியவங்க இன்னும் "லோக்கல் பண்டு ஆஸ்பத்திரி", "லோக்கல் பண்டு ரோடு"ன்னு சொல்றது அதனாலதான்.

அப்புறம் 1882ல வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பத்தி ஒரு தீர்மானம் போட்டாரு, அத ஒட்டி 1884ல மெட்ராஸ் லோக்கல் போர்டு சட்டம் வந்துது. அதுலதான் மூணு அடுக்கு: மேல ஜில்லா போர்டு, நடுவுல தாலுகா போர்டு, கீழ சில கிராமங்கள சேத்து யூனியன். ஜில்லா போர்டுக்கு தலைவரு யாருன்னா கலெக்டரே. தாலுகா போர்டுக்கு டிவிஷன் ஆபீசரு. காசு கட்டுறது குடியானவன், கணக்கு பாக்குறது துரைன்னுதான் ரொம்ப வருஷம் ஓடுச்சு. மெம்பருங்கள்ல பாதிக்கு மேல சர்க்காரே நியமிச்ச ஆளுங்க, மிட்டாதாரு, ஜமீன்தாரு, வக்கீலுன்னு.

உங்க தாத்தா ரசீதுல இருக்குற எல்.சி. எந்த வருஷத்துதுன்னு பாருங்க. 1961க்கு அப்புறம்னா அது ஜில்லா போர்டுக்கு போகல, பஞ்சாயத்து யூனியனுக்கு (இப்போ ஊராட்சி ஒன்றியம்னு சொல்றது) போச்சு. 1958 பஞ்சாயத்து சட்டப்படி நிலவரி ரூபாய்க்கு 45 பைசா எல்.சி. இப்போ நடைமுறைல இருக்குற 1994 சட்டப்படி ரூபாய்க்கு ரூபா. அதாவது 1871ல ஒரு அணாவுல ஆரம்பிச்ச அந்த கோடு உங்க வீட்டு ரசீது வரைக்கும் அறுபடாம வருது. இத படிச்சிட்டு ஒரு தடவை உங்க பட்டா நெலத்து கிஸ்து ரசீத எடுத்து பாருங்க எல்லாரும்.

வாலாஜாபேட்டை வாசகர்: எங்க ஊரும் ஜில்லா போர்டுலதான் இருந்துச்சா சார்?

இல்ல. உங்க ஊரு 1866லயே முனிசிபாலிட்டி. வேலூரும் அதே வருஷம். குடியாத்தம், வாணியம்பாடி, திருப்பத்தூரு, திருவண்ணாமலை எல்லாம் 1886. முனிசிபாலிட்டிக்கு தனி சட்டம், தனி வரி. போர்டுங்கறது கிராமப்புறத்துக்கு. ஆனா அந்த காலத்துல உங்க டவுன விட்டு வெளிய கால வச்சதும் நடந்த ரோடு போர்டு ரோடு.

திருப்பத்தூர் வாசகர்: எங்க பாட்டனாரு காலத்து பேப்பருல சேலம் ஜில்லான்னு போட்டிருக்கு. தப்பா எழுதிட்டாங்களா?

தப்பில்ல, சரிதான். திருப்பத்தூரு தாலுகா 1911 வரைக்கும் சேலம் ஜில்லா. அதே மாதிரி திருவண்ணாமலை 1911 வரைக்கும் தென்னாற்காடு ஜில்லா.

அந்த 1911ல நம்ம ஜில்லாவையே அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சாங்க. அதுவரைக்கும் வடஆற்காட்டுக்கு தலைநகரம் வேலூரு இல்ல, சித்தூரு. சித்தூரு, பலமனேரி, சந்திரகிரி, காளஹஸ்தி, புங்கனூரு எல்லாம் நம்ம ஜில்லா. ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர தனி ஜில்லாவா ஆக்கி, அதுக்கு கடப்பைல இருந்து மதனப்பள்ளி, வாயல்பாட்ட சேத்தாங்க. நமக்கு பதிலா திருப்பத்தூரும் திருவண்ணாமலையும் வந்துது, கலெக்டர் ஆபீஸ் வேலூருக்கு வந்துது. கலெக்டர் வந்தா கூடவே ஜில்லா போர்டும் வரும். அதனால 1911க்கு முன்னாடி கதை தேடுறவங்க ஊரப் பொறுத்து மூணு ஜில்லா பேப்பர பாக்கணும், இத மனசுல வச்சுக்கோங்க, பல பேரு வேலூருன்னே தேடி ஒண்ணும் கெடைக்கலன்னு விட்டுர்றாங்க.

ஒரு சின்ன சேதி. பனகல் அரசர்னு நாம சொல்றோமே ராமராயநிங்காரு, சென்னைல பனகல் பார்க்குன்னு பேரு இருக்கே, அவரு காளஹஸ்திக்காரரு, நம்ம வடஆற்காடு ஜில்லா போர்டு மெம்பரா இருந்து மேல வந்தவரு. 1920 டிசம்பர்ல நீதிக்கட்சி மந்திரிசபைல அவருக்கு கெடைச்சது உள்ளாட்சி இலாகாதான், அடுத்த வருஷமே முதல் மந்திரி ஆகி 1926 வரைக்கும் இருந்தாரு. ஒரு ஜில்லா போர்டு மேசைல உக்காந்து ரோடு மராமத்து பில்லு பாத்த ஆளு மாகாணத்தையே நடத்துனாருன்னா, அந்த போர்டு சும்மா இல்ல.

காவேரிப்பாக்கம் வாசகி: எங்க ஊரு ரோட்டோரத்துல இருந்த புளியமரத்த எல்லாம் ரோடு அகலப்படுத்த வெட்டிட்டாங்க. ஒவ்வொரு மரத்துலயும் நம்பரு இருந்துச்சு. அதெல்லாம் யாரு வச்ச மரம் அண்ணா?

ரோட்டோர மரம் வைக்கிறது, காப்பாத்துறது, பலன ஏலம் விடுறது எல்லாம் அந்த காலத்துல போர்டு வேலை. எந்த மரத்த எந்த வருஷம் வச்சாங்கன்னு ஒவ்வொண்ணா சொல்ல முடியாது, ஆனா அந்த நம்பரு ஏன்னு சொல்றேன். பட்டைய ஒரு சாண் அளவுக்கு செதுக்கி வெள்ளையோ தாரோ அடிச்சு அதுல நம்பர் எழுதுவாங்க. ஏலத்துல இத்தன நம்பர்ல இருந்து இத்தன நம்பர் வரைக்கும்னு சொல்லித்தான் விடுவாங்க, எடுத்தவரு காய உலுக்கி, ஊர்ப் பொம்பளைங்கள வச்சு தட்டி, கொட்டை எடுத்து மூட்டை போடுவாரு. நெழலுக்கு நெழலு, காசுக்கு காசு, பஞ்ச காலத்துல கூலிக்கு கூலி. போர்டு வரவுல இதுவும் ஒரு இனம்.

போர்டுக்கு வேற வரவு என்னன்னு கேட்டா: செஸ் தான் பெருசு, அப்புறம் சந்தை வசூல், படகுத்துறை குத்தகை, சத்திரத்து நெலத்து வருமானம், யூனியன்கள்ல வீட்டு வரி, டோல்கேட்டு. ஆமாங்க, பள்ளிகொண்டா டோல்கேட்டுல இப்போ பாஸ்டேக்ல பணம் போறதுக்கு ரொம்ப முன்னாடியே மாட்டு வண்டிக்கு டோல் வாங்கியிருக்காங்க. அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு வர்ற வண்டி கேட்டுக்கிட்ட நின்னு சில்லறை குடுத்துட்டுதான் போகணும். 1931ல மோட்டாருக்கு வரி சட்டம் வந்தப்போதான் பழைய டோல்கேட்டு எடுபட்டு, மோட்டார் வரில இருந்து போர்டுகளுக்கு பங்கு குடுத்தாங்க.

மரம் போனதுல எனக்கும் உங்க அளவுக்கு வருத்தம். ஒரு வேளை அந்த ரோட்டு பழைய ஏல நோட்டீஸு யாராச்சும் வீட்டுல இருந்தா எனக்கு அனுப்புங்க, போடுறேன்.

குடியாத்தம், காலேஜ் மாணவர்: ஜில்லா போர்டு தேர்தல்ல யாரு யாரு ஓட்டு போட்டாங்க? எங்க தாத்தா சேரில பொறந்தவரு, அவரு காலத்துல அவருக்கு ஓட்டு இருந்திருக்குமா?

பெரும்பாலும் இருந்திருக்காது தம்பி. வரி கட்டுறவன், நெலம் இருக்குறவன், கொஞ்சம் சொத்து இருக்குறவன், இவங்களுக்குத்தான் ஓட்டு. 1920 லோக்கல் போர்டு சட்டம் வந்தப்புறம் மெம்பருங்கள தேர்ந்தெடுக்குறது கூடுச்சு, கலெக்டரு நாற்காலிய விட்டு எறங்கி நம்ம ஆளுங்க பிரசிடென்ட் ஆனாங்க, ஆனா ஓட்டு எல்லாருக்கும் வரல. ஆதிதிராவிட மக்களுக்கு நியமன மெம்பருன்னு ஒண்ணோ ரெண்டோ இடம் குடுப்பாங்க. அவங்க கூட்டத்துல உக்காந்து பேசுறதுக்கே எவ்ளோ தைரியம் வேணும்னு யோசிச்சு பாரு.

இங்க ஒரு விஷயத்த அழுத்தி சொல்லணும். உன் தாத்தா குடும்பம் உழுத நெலத்துல வெளஞ்ச நெல்லுலதான் மிராசுதாரு தீர்வையும் செஸும் கட்டுனாரு. அந்த செஸ்ல வெட்டுன கெணத்துல உன் தாத்தா தண்ணி எடுக்க முடியல, அந்த செஸ்ல போட்ட ரோட்டுல சில ஊர்ல செருப்பு போட்டு நடக்க முடியல. இதத்தான் இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்ட் 22 அன்னிக்கி மெட்ராஸ் சட்டசபைல தீர்மானமா கொண்டாந்தாரு: பொது ரோடு, தெரு, பொது கெணறு, கொளம், சர்க்கார் ஆபீஸ், பொது இடம் எதுலயும் எந்த சாதிக்காரரும் போகலாம், வரலாம், தடுக்கக்கூடாது. தீர்மானம் நெறவேறி செப்டம்பர் 25ஆம் தேதி 2660ஆம் நம்பர் அரசாணையா வந்துது. ஊர் ஊரா ரோடும் கெணறும் பள்ளிக்கூடமும் போர்டு கையில இருந்ததால அந்த ஆணைய நடத்தி காட்ட வேண்டியது முக்கியமா போர்டுங்கதான்.

நடந்துச்சா? எல்லா ஊர்லயும் உடனே நடக்கல, எத்தனையோ போர்டு பள்ளிக்கூடத்துல புள்ளைங்கள தனியா உக்கார வச்சது, சேர்க்கவே மாட்டேன்னது எல்லாம் நடந்ததாலதான் லேபர் டிபார்ட்மென்ட் (அப்போ ஆதிதிராவிட மக்கள் நலன பாத்த சர்க்கார் துறை) தனியா லேபர் ஸ்கூல் தொறக்க வேண்டி வந்துது, அதுங்கதான் இப்போ ஆதிதிராவிடர் நலப் பள்ளி. ஆனா 2660 கையில இருந்ததால ஒரு மனுஷன் கலெக்டருக்கு மனு எழுத முடிஞ்சுது. நீ காலேஜ்ல ப்ராஜெக்ட் பண்றதா இருந்தா உங்க ஊரு பழைய பொதுக்கெணறு எது, யாரு எப்போ மொதல்ல தண்ணி எடுத்தாங்கன்னு உங்க தெரு பெரியவங்கள உக்கார வச்சு ரெக்கார்ட் பண்ணு. அவங்க இருக்கும்போதே பண்ணு.

கணியம்பாடி வாசகர்: இவ்ளோ பெரிய அமைப்ப ஏன் சார் எடுத்தாங்க? எப்ப எடுத்தாங்க?

அடுக்கு அடுக்கா எடுத்தாங்க. மொதல்ல 1934ல தாலுகா போர்ட கலைச்சு, அதோட வேலையும் சொத்தும் ஜில்லா போர்டுக்கு போச்சு. அதனால ஜில்லா போர்டு பெருத்துது. அந்த நேரத்துல ஜில்லா போர்டு பிரசிடென்ட்டுன்னா இப்போ மந்திரிக்கு சமானம், வாத்தியார் வேலை, ரோடு கன்ட்ராக்ட், ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வேலை எல்லாம் அவரு கையில. கட்சிக்காரங்களுக்கு அது ஒரு பெரிய கோட்டை.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1950ல கிராம பஞ்சாயத்து சட்டம், எல்லாருக்கும் ஓட்டு. 1952 அக்டோபர் 2ல சமுதாய வளர்ச்சி திட்டம்னு பிளாக்கு பிளாக்கா பணம் வர ஆரம்பிச்சுது, பி.டி.ஓ. (பிளாக் அதிகாரி), கிராம சேவக்குன்னு புது ஆளுங்க வந்தாங்க. அப்போ கேள்வி என்னன்னா, ஆலங்காயம் மலையடிவாரத்துல ஒரு பள்ளிக்கூட ஓடு ஒடஞ்சா அதுக்கு வேலூர்ல ஒரு போர்டு தீர்மானம் போடணுமா, பக்கத்துலயே பிளாக் இருக்கும்போதுன்னு. நியாயமான கேள்வி. காமராஜர் முதல்வரா இருந்தப்போ, லூர்தம்மாள் சைமன் உள்ளாட்சி மந்திரியா இருந்தப்போ, 1958 பஞ்சாயத்து சட்டம் வந்துது. 1960 அக்டோபர் 2ல இருந்து 1961 அக்டோபர் 2க்குள்ள மூணு தவணையா மாநிலம் பூரா பஞ்சாயத்து யூனியன் வந்துருச்சு. ஜில்லா போர்டு போச்சு. பெரிய ரோடெல்லாம் நெடுஞ்சாலைத் துறைக்கு, ஆஸ்பத்திரிங்க சர்க்காருக்கு, ஹைஸ்கூலு கல்வித் துறைக்கு, ஆரம்பப் பள்ளியும் சின்ன ரோடும் யூனியனுக்கு.

என் அபிப்ராயம் என்னன்னா, யூனியன் வந்தது ரொம்ப நல்லது, ஆனா ஜில்லா அளவுல ஜனங்க தேர்ந்தெடுத்த சபைய அடியோட எடுத்தது தப்பு. அதுக்கு பதிலா வந்த மாவட்ட வளர்ச்சி மன்றத்துக்கு தலைவரு திரும்பவும் கலெக்டரு, அதுவும் யோசனை சொல்ற அதிகாரம் மட்டும். 1884ல எந்த நாற்காலில கலெக்டரு உக்காந்தாரோ அதே நாற்காலிக்கு திரும்ப வந்துட்டாரு. பாலாறு வாணியம்பாடில இருந்து காவேரிப்பாக்கம் வரைக்கும் ஓடுது, தோல் கழிவு பிரச்சனை ஆம்பூர்லயும் ராணிப்பேட்டைலயும் ஒண்ணாதான் வந்துது, அத பேசுறதுக்கு ஒரு யூனியனுக்கு எல்லை பத்தாது. அந்த கழிவு பெருசா பரவுன வருஷங்கள்ல நம்ம ஜில்லா கிராமங்களுக்குன்னு தேர்ந்தெடுத்த மாவட்ட சபையே கெடையாது. 1994 சட்டம் வந்து 1996 தேர்தல்லதான் மாவட்ட ஊராட்சின்னு திரும்ப வந்துது. நடுவுல 35 வருஷம். அதுக்கும் பழைய போர்டுக்கு இருந்த மாதிரி சொந்த வரியோ, ரோடோ, ஆஸ்பத்திரியோ கெடையாது.

கே.வி.குப்பம், ரிட்டயர்டு ஆசிரியை: நான் யூனியன் ஸ்கூல்ல சேந்து சர்க்கார் டீச்சரா ரிட்டயர் ஆனவ. போர்டு ஸ்கூல் டீச்சருங்க கதைய யாரும் எழுதறதில்ல. கொஞ்சம் எழுதுங்க.

எழுதாம இருப்பேனா டீச்சரம்மா. போர்டு ஹைஸ்கூல் வாத்தியாருங்க போர்டு சம்பளத்துக்குதான் வேல பாத்தாங்க, போர்டு போனப்புறமும் ரொம்ப வருஷம் தனி கணக்காவே இருந்து 1970 ஏப்ரல் 1லதான் முழு சர்க்கார் ஊழியர் ஆனாங்க. உங்கள மாதிரி யூனியன் டீச்சருங்களுக்கு அது 1981 ஜூன் 1. சர்வீஸ் புக்குல அந்த தேதிய பாக்காத யூனியன் டீச்சர் அந்த தலைமுறைல இருக்க மாட்டாங்க. பென்ஷன் கணக்கு, சீனியாரிட்டி எல்லாம் அதுலதானே தொங்குச்சு.

ஆனா பள்ளிக்கூட பேர்ப்பலகைல இன்னும் "ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி"தான், கட்டடம் பராமரிப்பு இன்னும் யூனியன் பொறுப்பு. எங்க பக்கத்து ஊர்ல கனமான சுண்ணாம்பு செவுரும் மெட்ராஸ் ஒட்டு மாடியுமா இருந்த பழைய போர்டு ஸ்கூல் கட்டடத்த ஒரு போட்டோ கூட எடுக்காம இடிச்சாங்க, செவுத்துல இருந்த கல்வெட்டு எங்க போச்சுன்னே தெரியல. உங்க காலத்து ஸ்கூல் போட்டோ, இன்ஸ்பெக்ஷன் வந்த கதை எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க டீச்சரம்மா, நாலு பக்கம்னாலும் போடுறேன்.

சோளிங்கர் வாசகர்: மத்த ஜில்லாவுக்கு 2019ல பஞ்சாயத்து தேர்தல் நடந்தப்போ நமக்கு மட்டும் ஏன் 2021?

ஜில்லா பிரிஞ்சதால. 1989 செப்டம்பர் 30ல திருவண்ணாமலை தனியா போச்சு, 2019 நவம்பர்ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சுது. புது எல்லைக்கு ஏத்த மாதிரி வார்டு பிரிக்கலன்னு சுப்ரீம் கோர்ட்டு 2019 டிசம்பர்ல ஒம்போது ஜில்லாவ தள்ளி வச்சுது, அதுல வேலூரு, ராணிப்பேட்டை, திருப்பத்தூருன்னு நம்ம மூணும் சேத்தி. 2021 அக்டோபர் 6லயும் 9லயும்தான் ஓட்டு. 2016 அக்டோபர்ல பழைய மெம்பருங்க போனதுல இருந்து அஞ்சு வருஷம் 743 ஊராட்சியும் தனி அலுவலர் கையில. மூணு ஜில்லாவுக்கும் சேத்து 20 யூனியன், ஒண்ணுல கூட சேர்மன் கெடையாது. தண்ணி வரலன்னா யார கேக்குறதுன்னு ஜனங்க அலைஞ்சத நீங்களும் பாத்திருப்பீங்க. தேர்தல் நடந்தப்போ பாதி சீட்டு பொம்பளைங்களுக்குன்னு 2016ல வந்த சட்டம் இருந்ததால, நம்ம மூணு ஜில்லாவுலயும் அந்த கணக்குல நடந்த மொத கிராம தேர்தல் அதுதான்.

பேரணாம்பட்டு வாசகர்: எங்க ஊரு ரோடும் ஆஸ்பத்திரியும் போர்டு காலத்துதுன்னு சொல்றாங்க. எங்க போய் தேடுறது?

மொதல்ல ஊர்லயே தேடுங்க. பள்ளிக்கூடத்துல அட்மிஷன் ரிஜிஸ்தர், எவ்ளோ பழசு இருக்குன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட கேளுங்க, மொத பக்கத்துல பள்ளி பேரு என்னன்னு எழுதியிருக்கோ அதுவே பாதி கதை சொல்லும். வி.ஏ.ஓ.கிட்ட பழைய அ பதிவேட்டு (சர்வே நம்பர் வாரியா நெலக் கணக்கு) நகல் கேளுங்க, எஸ்.எல்.ஆர். (செட்டில்மென்ட் காலத்து நெலப் பதிவேடு) கெடைச்சா இன்னும் நல்லது, புறம்போக்குல ரோடு, சத்திரம், சந்தை மேடுன்னு எங்கெங்க குறிச்சிருக்குன்னு பாருங்க. அப்புறம் பேரணாம்பட்டு யூனியன் ஆபீஸ்ல பழைய தீர்மான நோட்டு. வாயால கேட்டு கெடைக்கலன்னா பத்து ரூபா கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி ஆர்.டி.ஐ. போடுங்க, "1961ல ஜில்லா போர்டுகிட்ட இருந்து ஒன்றியத்துக்கு மாத்துன சொத்து பட்டியல் நகல்"னு தெளிவா ஒரு வரில கேளுங்க, கதை எழுதாதீங்க.

சென்னைக்கு போக முடிஞ்சா எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கு, அடையாள அட்டையும் கடிதமும் எடுத்துட்டு போங்க. அங்க வடஆற்காடு ஜில்லா கெஜட்டு தொகுதிய கேளுங்க. போர்டு நோட்டீஸு, தேர்தல் அறிவிப்பு, டெண்டரு எல்லாம் அதுலதான் வரும். பொடி எழுத்து, காகிதம் நொறுங்கும், பொறுமையா பெரட்டணும். உங்க ஊரு பேர இங்கிலீஷ்ல அந்த காலத்துல எப்படி எழுதுனாங்கன்னு ரெண்டு மூணு விதமா குறிச்சு எடுத்துட்டு போங்க, இல்லன்னா கண்ணு முன்னாடி இருந்தாலும் தாண்டி போயிடுவீங்க. எதாவது கெடைச்சா போட்டோ எடுத்து பத்திரிகை விலாசத்துக்கு அனுப்புங்க, வருஷமும் ஊர் பேரும் மறக்காம எழுதுங்க.